எங்க பக்கம் மேடு

நெடுங்கரை ஏரியில் மிச்சமிருந்த பாதியையும் தூர்த்து, ரோலர் ஓட்டிச் சமப்படுத்தி, மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களை வரிசை வரிசையாக நட்டு, முகப்பில் ‘லேக் வியூ கார்டன்’ என்று வளைவும் வைத்துவிட்ட அந்த வருஷத்திலும், ஐப்பசி மழை ஓய்ந்ததும் பறவைகள் எப்போதும்போல வந்தன. வந்து, வானத்தில் ஒரு வட்டம் அடித்துப் பார்த்துவிட்டு, ஏரியைக் காணோமே என்று திரும்பிப் போகாமல், ஏரி இருந்திருந்தால் தண்ணீர் எந்த உயரத்தில் நின்றிருக்குமோ அந்த உயரத்தில் இறங்கி, கால்களைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி நீந்தத் தொடங்கின.

தரைக்கும் அவற்றின் வயிற்றுக்கும் நடுவே ஒரு முழம் வெறும் காற்றுதான். அந்தக் காற்றின் மேல் நாமக்கோழிகள் நெற்றியில் வெள்ளை நாமத்தோடு கோயிலுக்குப் போகிறவர்கள்போல ஒன்றன்பின் ஒன்றாகப் போயின, சிறகிகள் கும்பலாகக் கூடி விசிலடித்தன, முக்குளிப்பான்கள் தலைகுப்புற முங்கி மண்ணுக்குள் மறைந்து வேறோர் இடத்தில் வாயில் கெண்டைக்குஞ்சோடு எழுந்தன, நீர்க்காகங்கள் மஞ்சள் கற்களின் மேல் ஏறி நின்று சிறகை விரித்துக் காயப்போட்டன. அந்தச் சிறகுகளிலிருந்து சொட்டிய தண்ணீர் மட்டும் உண்மையாகவே மண்ணை நனைத்தது.

பக்கத்து மகிழம்பூ நகரில் இதை முதலில் பார்த்தவர் பால்காரர். கடைசி வீட்டு கேட்டில் பாக்கெட்டைத் தொங்கவிட்டபடி, “டீச்சர், வாத்தெல்லாம் அந்தரத்துல போவுது, பாத்தீங்களா,” என்று சொன்னவர், இன்னும் பால் போட வேண்டிய வீடுகள் இருந்ததால் அதற்குமேல் நிற்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

கடைசி வீடு திலகவதியுடையது. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர், நகர் நலச்சங்கத்தின் செயலாளர். கணவர் ஞானசேகரனுக்கு மின்வாரியத்தில் வேலை, வெளியூர், சனி ஞாயிறு மட்டும் வருவார். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. திலகவதி வீட்டுத் தோட்டத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் லேக் வியூ கார்டன். சுவரோரம் நின்று எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு வந்தது ஆச்சரியமில்லை, நிம்மதி. சாட்சி கிடைத்துவிட்டது என்கிற நிம்மதி.

ஏனென்றால் அந்தப் பிளாட்டுகளை நினைத்து மகிழம்பூ நகர் ஆறு மாதமாகத் தூங்கவில்லை. அத்தனை வீடு வந்தால் போர் தண்ணீர் பாதாளத்துக்குப் போய்விடும் என்று ஒருவர் பயந்தார், அவர்கள் சாக்கடையை நம் தெருவில்தான் திருப்புவார்கள் என்று இன்னொருவர், ஒரே டிரான்ஸ்பார்மரில் எத்தனை ஏசி ஓடும் என்று மூன்றாமவர், யார் யாரோ வருவார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு யார் என்பதைச் சொல்லாமல் விட்டவர்களும் இருந்தார்கள். சங்கத் தலைவர் குலசேகரன், கூட்டுறவுத் துறையில் சூப்பரின்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாக் கவலைகளையும் ஒரே கவலையாகச் சுருக்கியிருந்தார்: அது ஏரி, ஏரியில் வீடு கட்டுவது பாவம், பாவத்தைத் தடுக்க வேண்டும். மனை விற்கிறவர்களோ, எங்கே ஏரி, தண்ணீர் நின்று பார்த்தவர் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது பறவைகள் வந்து பதில் சொல்லிவிட்டன.

சேதி பரவிற்று. ஜனங்கள் பஸ் பிடித்து வந்து பார்த்தார்கள். வளைவுக்கு அடியில் சுண்டல் வண்டி நின்றது, பிறகு பஞ்சுமிட்டாய், பிறகு பலூன். மனை விற்கிறவர்களும் சளைக்கவில்லை. ‘வீட்டு வாசலிலேயே பறவைகள் சரணாலயம்’ என்று புதிதாக ஒரு பேனர் கட்டினார்கள். ஏரியைத் தூர்த்துவிட்டு லேக் வியூ என்றவர்கள் நாளைக்கு நம்மைத் துரத்திவிட்டு நம் போட்டோவைப் போட்டு விற்பார்கள் என்று குலசேகரன் சார் சொன்னது அன்றைக்கு நகரெங்கும் சுற்றிய நல்ல பேச்சு.

ஞாயிற்றுக்கிழமைகளில் மனை வாங்கியவர்கள் வந்தார்கள். அவர்களில் ரோஸ்லினைத்தான் திலகவதிக்குத் தெரியும். அவள் புருஷன் சேவியர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். இருவரும் ஒரு பெண்குழந்தையைக் கூட்டிக்கொண்டு, டிபன் கேரியரோடு வந்து, திலகவதியின் சுவரை ஒட்டிய தங்கள் மனையில் நான்கு மஞ்சள் கற்களுக்கு நடுவே பெட்ஷீட்டை விரித்து உட்கார்ந்து, இது ஹால், இது அடுப்படி என்று விரலால் கோடு போட்டுக் காட்டிக்கொண்டு, எலுமிச்சை சாதம் சாப்பிட்டார்கள். அவர்கள் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவே நாமக்கோழி ஒன்று நீந்திப் போனால் குழந்தை காலை மடக்கி வழிவிட்டது.

கார்த்திகையில் ரோஸ்லின் ஒரு முருங்கைக் கொம்பு கொண்டுவந்தாள். வீடு கட்டும் முன்னால் மனையில் முருங்கை வைத்துவிட்டால், குடிவரும்போது கீரைக்குக் கடைக்குப் போக வேண்டாம் என்று அவள் அம்மா சொல்லியிருந்தாளாம். முருங்கைக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் ஆகாது. அதற்காக உடைந்த செங்கல்லைப் பரப்பி, அதன்மேல் மண்ணை இடுப்பளவு குவித்து, அந்த மேட்டின் உச்சியில் கொம்பை ஊன்றினாள். சுவருக்கு மேலாகக் குடத்தை நீட்டி, “அக்கா, ஒரு குடம் தண்ணி தருவீங்களா?” என்று கேட்டாள். திலகவதி தந்தாள். அடுத்த ஞாயிறும் தந்தாள். வாரம் முழுக்க அவர்களுக்கு எதிராக மனு எழுதிவிட்டு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் தருவது அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் குடத்தை விளிம்புவரை நிரப்பித்தான் தருவாள்.

மார்கழியில் ஏரி ஏறிற்று.

கண்ணுக்குத் தெரியாத ஏரியும் ஏரிதானே, மழைக்காலம் முழுக்க வாங்கிய தண்ணீர் அதற்குள்ளும் ஏறத்தானே செய்யும். முழங்கால் உயரத்தில் நீந்திக்கொண்டிருந்த பறவைகள் தொடை உயரத்துக்கு வந்தன, பிறகு இடுப்பு உயரத்துக்கு வந்தன, பிறகு ஒரு நாள் காலையில் சுவர் முடிகிற இடத்தில் நாய்கள் புகுந்து வரும் சந்து வழியாக, முன்னே ஒரு தாயும் பின்னே குஞ்சுகளுமாக, மகிழம்பூ நகர் இரண்டாவது குறுக்குத் தெருவுக்குள் நீந்தி வந்தன.

அன்றைக்கு எல்லாரும் அவரவர் கேட்டைச் சாத்திக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து பழகிக்கொண்டார்கள். வந்தவை தெருவோடு நிற்காமல் திறந்த ஜன்னல் வழியே வீட்டுக்குள்ளும் வந்தன; சோபாவின் முதுகுக்கு மேலே சிறகிகள் கடந்து போயின, டிவி பார்க்கிறவர்கள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். சாம்பார்ச் சட்டியைப் பரணுக்கு ஏற்றினார்கள். தூளியை உத்தரத்தோடு உயர்த்திக் கட்டினார்கள். படிக்கட்டை எத்தனை உயரம் தூக்கிக் கட்டியிருக்கிறோம் என்பதில் அந்த நகரில் பழைய போட்டி ஒன்று உண்டு; இப்போது யார் வீட்டில் வாத்து எந்த உயரத்தில் போகிறது என்பதைக் கொண்டு அந்தப் போட்டிக்குத் தீர்ப்பு கிடைத்தது. உங்க வீட்டுல கழுத்து வரைக்குமாமே என்று ஒருத்தி கேட்க, உங்க வீட்டுல மட்டும் என்ன, பீரோ மேல முட்டை போட்டிருக்காமே என்று இன்னொருத்தி திருப்பினாள். குழந்தைகள் பொரி போட்டார்கள். வாத்து வந்த வீட்டில் மூட்டுவலி குறைகிறது என்றுகூட ஒரு பேச்சு கிளம்பிற்று.

ஆனால் ஒருவருக்கொருவர் கண்ணைப் பார்ப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

திலகவதிக்குக் காரணம் தெரியும். அவள் வீட்டுத் தோட்டத்தில் துணி துவைக்கிற கல் ஒன்று உண்டு. ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைந்த கருங்கல்; அடிப்பாகம் மண்ணில் புதைந்திருக்க, சரிவாக நிற்கும்; அதன் நடுவில் குறுக்காக ஒரு கோடு வெட்டப்பட்டிருக்கும். அந்த மார்கழிக் காலையில் அவள் புடவையை அலசிக்கொண்டிருந்தபோது முக்குளிப்பான் ஒன்று நீந்தி வந்து கல்லை உரசிக்கொண்டு நின்றது. பறவையின் மார்பு அந்தக் கோட்டில் சரியாகப் பொருந்திற்று. ஏரி நிரம்பினால் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று காட்டுவதற்காக, எந்தக் காலத்திலோ யாரோ வெட்டி வைத்த கோடு அது. கல் தன் இடத்திலிருந்து பிடுங்கப்பட்டு இங்கே வந்து நின்றாலும், தண்ணீர் அதைத் தேடி வந்து அதே கோட்டில் நின்றுகொண்டிருந்தது.

மகிழம்பூ நகரும் ஏரிதான். முதல் பாதி. அவர்கள் குடிவந்த வருஷம் மழைக்குத் தண்ணீர் வாசற்படியைத் தொட்டபோது, நகரின் ஆண்கள் எல்லாரும் கடப்பாரையோடு போய், ஏரியின் உபரித் தண்ணீர் வழிகிற கலங்கலை ஒரே பகலில் இடித்துத் தள்ளினார்கள். அதன்பிறகு ஏரி நிரம்பவே இல்லை. வந்த தண்ணீர் வந்தபடி ஓடிப்போனது, மிச்சப் பாதி காய்ந்தது, காய்ந்த இடம் மனையாயிற்று. இடித்த கற்களை வீணாக்குவானேன் என்று ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். குலசேகரன் சார் வீட்டு கேட்டின் வாசற்கல் அதுதான், நகர்க் கோயிலில் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிற மேடையும் அதுதான். ஞானசேகரனுக்குக் கல் எடுக்கிற எண்ணமே இல்லை. துவைக்க ஒரு கல் இருந்தால் நன்றாயிருக்கும், அந்தக் கோடு போட்ட கல் நல்ல வழவழப்பு, யாராவது எடுப்பதற்குள் கொண்டுவாங்க என்று சொல்லி அனுப்பியவள் திலகவதி. அப்போது அவளுக்கு ரோஸ்லின் வயது.

தை பிறந்ததும் தாசில்தார் நேரில் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. பறவைகள் எதுவரை நீந்துகின்றனவோ அதுவரை ஏரி என்று கோடு போட்டுவிடுவது என்று மேலே முடிவாகியிருந்தது. அதைக் கேட்டு மகிழம்பூ நகர் முதலில் கைதட்டிற்று. கைதட்டி முடிப்பதற்குள் எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

கோயிலில் கூட்டம் போட்டார்கள். பிள்ளையாரின் இடுப்பைச் சுற்றிச் சிறகி ஒன்று நீந்திக்கொண்டிருந்தது. அதை யாரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். குலசேகரன் சார் தணிந்த குரலில் பேசினார். சந்து வழியைக் கொசுவலையால் அடைப்போம், விடியற்காலையிலேயே தட்டு தட்டி எல்லாவற்றையும் அந்தப் பக்கம் ஓட்டுவோம், கதவு ஜன்னலைச் சாத்திவிடுவோம், ஒரே ஒரு பகல்தான் என்றார். உண்மையைச் சொன்னால் முப்பது குடும்பமும் தெருவில் நிற்க வேண்டியதுதான் என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஏரியைக் காப்பாற்றத்தானே செய்கிறோம், பாதி ஏரியாவது பிழைக்கட்டுமே என்று ஒருவர் சொன்னதும் எல்லாருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. அதிகாரியிடம் பேசுவது யார் என்ற கேள்விக்கு எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பிற்று.

“டீச்சர் பேசட்டும்,” என்றார் குலசேகரன் சார். “அவங்க சொன்னா ரெண்டும் ரெண்டும் நாலுன்னு சொல்ற மாதிரி இருக்கும்.”

அந்த வார ஞாயிற்றுக்கிழமை ரோஸ்லின் குடத்தை நீட்டவில்லை. சுவர்மேல் முழங்கையை ஊன்றி நின்றாள். முருங்கை இரண்டு இடத்தில் துளிர்விட்டிருந்தது. அதைக் காட்டிவிட்டு, வந்த விஷயத்தைக் கேட்டாள்.

“உங்க தெருவுக்குள்ளயும் வருதுங்கறாங்களே அக்கா. உங்க வீட்டுக்குள்ள வருதா?”

அவள் கேட்டதில் சண்டை இல்லை. இங்கேயும் தண்ணீர்தான், ஆனாலும் இவர்கள் இருபது வருஷமாக இருக்கிறார்கள், அப்படியென்றால் நாமும் இருந்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை, அதைப் பிடித்துக்கொள்ள வந்து நின்றாள். திலகவதியின் பின்னால், அடுப்படியில், முக்குளிப்பான் கிலுகிலுவென்று கத்திற்று. ஈரத் துணியை உதறுகிற சத்தத்தில் அதை மறைத்துக்கொண்டு திலகவதி சொன்னாள்.

“இல்ல ரோஸ்லின். எங்க பக்கம் மேடு.”

தாசில்தார் வந்த அன்று விடிவதற்கு முன்பே மகிழம்பூ நகர் தட்டுகளோடு தெருவில் இறங்கிற்று. கல்யாணத்துக்கு வந்த சீர்த்தட்டு, பிள்ளை பெற்றபோது வந்த வெள்ளித்தட்டு, எவர்சில்வர் தாம்பாளம், எதையும் விடாமல் தட்டினார்கள். தட்டத் தட்டப் பறவைகள் கழுத்தை நீட்டிக்கொண்டு அவசரப்படாமல், விருந்து முடிந்து கிளம்புகிறவர்கள்போல, சந்து வழியாக வெளியேறின. பொரி வாங்கித் தின்று பழகிய குஞ்சுகள் திரும்பித் திரும்பிப் பார்த்தன. வலையைக் கட்டினார்கள். திலகவதி துவைக்கிற கல்லின் மேல் நனைந்த போர்வையைப் போர்த்தினாள். கதவைச் சாத்தப் போகையில்தான் ஹாலில் முக்குளிப்பான் இன்னும் நிற்பதைப் பார்த்தாள். கையை ஓங்கினாள். அது அவளைப் பார்த்துவிட்டு, தலைகுப்புற முங்கி, டைல்ஸுக்குள் போய்விட்டது. வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. கதவைச் சாத்தினாள்.

தாசில்தார் நடுவயதுப் பெண்மணி. வெயிலில் சுற்றிக் களைத்து, குடிக்கத் தண்ணீர் கேட்டு, திலகவதியின் ஹாலிலேயே வந்து உட்கார்ந்தார். நாற்காலியின் காலுக்கு அருகில்தான் அது முங்கிய இடம். முக்குளிப்பான் வெகுநேரம் முங்காது, சின்ன மூச்சுதான், அதை எத்தனை நாள் பார்த்திருக்கிறாள். திலகவதி சொம்பை நீட்டிவிட்டு அந்த டைல்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சுவருக்கு இந்தப் பக்கம் வர்றதே இல்லையாம்மா?” என்றார் தாசில்தார்.

“இல்லீங்க மேடம். எங்க பக்கம் மேடு.”

தாசில்தார் ஜன்னலைப் பார்த்தார், சாத்தியிருந்தது, கதவைப் பார்த்தார். அவர் கேட்க நினைத்ததைக் கேட்காமல் மிச்சத் தண்ணீரையும் குடித்தார். குடியிருக்கிறவர்களை எழுப்ப யாருக்குத்தான் மனசு வரும். சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினார். அவர் குடித்து முடிக்கிறவரை முக்குளிப்பான் எழவில்லை. ஜீப் போன பிறகும் எழவில்லை.

கோடு சுவரில் விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏரி, இந்தப் பக்கம் நகர். மஞ்சள் கற்களைப் பிடுங்கினார்கள், வளைவைக் கழற்றினார்கள். மகிழம்பூ நகர் கோயிலில் பொங்கல் வைத்துக் கொண்டாடிற்று, குலசேகரன் சார் திலகவதிக்குச் சால்வை போட்டார். அதைவிடப் பெரிய அதிசயம், வலையை அவிழ்த்த பிறகும் ஒரு பறவைகூடச் சுவரைத் தாண்டி வரவில்லை. சந்துவரை நீந்தி வரும், முகத்தை நீட்டிப் பார்க்கும், திரும்பிவிடும். பறவைக்குக்கூடச் சட்டம் தெரிகிறது என்று சாம்பார்ச் சட்டிகளைப் பரணிலிருந்து இறக்கினார்கள்.

ரோஸ்லின் கடைசியாக ஒரு நாள் தனியாக வந்தாள். போட்ட பணம் போனதுதான் என்று அவளுக்குச் சொல்லிவிட்டார்களாம். மேட்டைக் கையால் கிளறி, முருங்கையை வேரோடு எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, சுவருக்கு மேலாக நீட்டினாள்.

“நாங்க இருக்கற வாடகை வீட்டுல சிமெண்ட் தரைதான் அக்கா. நீங்க வெச்சுக்குங்க. உங்க பக்கம் மேடுதானே, செங்கல்லெல்லாம் போட வேண்டாம்.”

திலகவதி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கல்லுக்குப் பக்கத்தில் நட்டாள். செங்கல் போடவில்லை, போட்டால் ஒத்துக்கொண்டது போலாகும் என்று தோன்றிற்று. கோடை ஏறி, தோட்டத்து மண் பாளம் பாளமாக வெடித்தது. அந்த வெடிப்புக்கு நடுவே முருங்கை அடியிலிருந்து அழுக ஆரம்பித்தது. தொட்டால் தோல் வழன்று கையோடு வந்தது. முகர்ந்தால் பாசி வாசனை.

ஹாலிலும் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதை அவள் ஞானசேகரனிடம்கூடச் சொல்லவில்லை. தினமும் ஒரு வேளை, டைல்ஸிலிருந்து ஒரு நீர்க்குமிழி கிளம்பும். மெதுவாக மேலே வந்து, அவள் இடுப்பு உயரத்தில் நின்று, உடையும். அவ்வளவுதான். உள்ளே போனது இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிற நாட்களில் கரும்பலகையின் முன்னால் நின்றபடி அவளும் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

வைகாசியில் ஒரு மாலை போன் வந்தது.

“அக்கா, நல்லா இருக்கீங்களா? சும்மாதான் போட்டேன். பாப்பா கேட்டுட்டே இருக்கா, அந்த முருங்கை பூ வெச்சிருச்சான்னு.”

வெச்சிருச்சு என்று சொல்வதற்குத்தான் திலகவதி வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் குமிழி கிளம்பிற்று. முன்னெல்லாம் நெல்லிக்காய் அளவு வரும், இப்போது கடுகளவு. மேலே வர வர அதுவும் சிறுத்து, பாதி வழியிலேயே இல்லாமற் போயிற்று.

“அழுகிடுச்சு ரோஸ்லின்,” என்றாள். “தண்ணி நின்னு அழுகிடுச்சு. எங்க பக்கமும் ஏரிதான்.”

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ பாடுவது கேட்டது. யாரோ கதவைச் சாத்த, பாட்டு நின்றது.

“அன்னைக்கே தெரியுமாக்கா?”

“தெரியும்.”

ரோஸ்லின் திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது. காதிலிருந்து எடுத்துப் பார்த்தால், எப்போதோ வைத்துவிட்டிருந்தாள்.

அப்போது டைல்ஸ் பிளக்காமல், ஓசையில்லாமல், முக்குளிப்பான் எழுந்தது. இளைத்து, இறகெல்லாம் ஒட்டி, அலகில் ஒரு கெண்டைக்குஞ்சு துடிக்க, தலையை ஓர் உதறு உதறி அவள் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, அவளைச் சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் நீந்திப் போய், சாத்திய கதவின் முன்னால் காத்துக்கொண்டு நின்றது.

தெருக்கோடியில், சந்துப் பக்கமிருந்து, அன்றைக்குப் பறவைகளை ஓட்டியதுபோல யாரோ தட்டு தட்டினார்கள். உடனே இன்னொரு வீட்டிலும். பிறகு குலசேகரன் சாரின் குரல் டீச்சர், டீச்சர் என்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டு நெருங்கி வந்தது. திலகவதி தாழ்ப்பாளில் கைவைத்தாள். அவளுக்கு எந்த ஈரமும் தெரியவில்லை, எந்தக் குளிர்ச்சியும் தெரியவில்லை. ஆனால் கதவைத் திறந்தபோது அவள் முந்தானை இடுப்பிலிருந்து தானாக எழும்பி, கல்லில் வெட்டிய கோட்டின் உயரத்தில், விரிந்து, மிதக்கத் தொடங்கிற்று.